ஐரோப்பாவுக்குப் போகாத சூரை

காலையில் எழுந்ததும் குடாவில் நிற்கும் கப்பல்களை எண்ணுவேன். பிறகு என் மாத்திரைகளை. பிறகு மதிலில் இருக்கும் காகங்களை. எண்ணாத நாளில் ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் குறைந்துவிட்டது போல மனம் அரிக்கும். உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியைக் கூட்டினால் அப்பாவுக்குக் காய்ச்சல் வரும் என்று மகள் சொல்வாள். அவளுக்கு விளையாட்டு. எனக்கு உண்மையிலேயே நித்திரை வராது.

ஆனால் ஐரோப்பா எங்கள் குசினிக்குள்ளேயே வந்து இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மருமகனிடம் ஒரு பலநாள் படகு இருக்கிறது. ஆழ்கடலில் வாரக்கணக்கில் நின்று சூரை மீன் பிடிப்பவர். டீசல் விலையும் ஐஸ் விலையும் ஏறியபின் உள்ளூர்ச் சந்தையை நம்பி அந்தப் படகை ஓட்ட முடியவில்லை. ஐரோப்பாவுக்கு மீன் அனுப்பும் கொழும்புக் கம்பனி ஒன்று நல்ல விலை தருவதாகச் சொன்னது. ஒரு பயணத்து மீனைப் பார்த்துவிட்டுப் படகைத் தங்கள் பட்டியலில் சேர்ப்போம் என்றார்கள். அது நடக்காவிட்டால் படகை விற்றுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போவதென்று மகளும் மருமகனும் பேசி முடித்திருந்தார்கள்.

கடலுக்குப் போவதற்கு முதல் நாள் மருமகன் என்னிடம் கேட்டார்.

"மாமா, அந்த ஐரோப்பாக்காரருக்கு என்னதான் வேணுமாம்? சுருக்கமாச் சொல்லுங்கோ. பாடம் எடுக்காதேங்கோ."

"ஒவ்வொரு மீனும் ஆர் பிடிச்சது, எங்க பிடிச்சது எண்டு அவைக்குத் தெரிய வேணும். களவாப் பிடிச்ச மீன் தங்கட சந்தைக்குள்ள வரக் கூடாதாம்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் எண்டு லேசாச் சொல்லுறியள். அவையின்ர பெரிய வலைக் கப்பலுகள் இதே சமுத்திரத்திலதான் சூரையை அள்ளுது. சொந்த மீன்பிடிக்கு மானியம் குடுக்கினம், எரிபொருள் வரியில சலுகை குடுக்கினம். எங்களுக்கு மட்டும்..."

"அப்பா, புட்டு ஆறுது," என்றாள் மகள்.

பாடம் அத்துடன் நின்றது.

மருமகனின் அண்ணனும் அதே கடலில் வேறொரு படகில் நின்றார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. முதலில் கரைக்குத் திரும்பும் படகு, இன்னும் கடலில் நிற்கும் சொந்தக்காரரின் மீனையும் ஏற்றிக்கொண்டு வரும். இல்லாவிட்டால் ஐஸ் கரைந்து அந்த மீன் பழுதாகிவிடும். யாருடைய மீன் என்று குழம்பாமலிருக்க வாலில் கயிறு கட்டுவார்கள். மருமகனுக்குச் சிவப்பு, அண்ணனுக்கு நீலம். அந்தக் கயிறு இருப்பதால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒருநாளும் வாய்ச்சண்டை வந்ததில்லை.

படகு வந்த காலை நானும் ஓட்டோ பிடித்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். கம்பனியிலிருந்து தரம் பார்க்க ஒரு இளம்பெண் வந்திருந்தாள். வெப்பமானியை மீனின் சதைக்குள் குத்திப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், செவுளை விரித்துப் பார்த்தாள். முகம் தெளிவாக இருந்தது. எனக்கும் மூச்சு இலேசாக வந்தது. பிறகு அவள் ஒரு வாலைத் தூக்கினாள்.

"இது என்ன, நீலக் கயிறு?"

மருமகன் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னுக்கு வந்தார்.

"மிஸ், சிவப்பு எங்கட. நீலம் அண்ணையின்ர. ஒண்டுகூட மாறியிராது. ஆர் பிடிச்சதெண்டு உங்களுக்குத் தெரிய வேணுமாமே, மாமா சொன்னவர்."

அவள் வாலை மெல்ல வைத்தாள்.

"கடலில வச்சா ஏத்தினீங்க?"

"ஓம். அவருக்கு இன்னும் தூண்டில் போடக் கிடக்கு."

"ஐயா, கடலில ஒரு படகு மீனை இன்னொரு படகு ஏத்தக் கூடாது. இப்ப இந்தப் படகில உள்ள எதையும் நான் எடுக்க ஏலாது."

"சிவப்பையுமோ?"

"சிவப்பையும்தான்."

நான் சும்மா நிற்கவில்லை. "பிள்ளை, உங்கட பேப்பர் சொல்லுறதைவிட இந்தக் கயிறு கூடச் சொல்லுதே," என்றேன்.

"நான் நம்புறன் சேர். பிரசெல்சில இருந்து சட்டம் போடுறவங்களுக்குக் கயிறு விளங்காதே."

படகிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "சேர் ஒருக்காப் போய் அவையளுக்கும் படிப்பிச்சிட்டு வாங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த விதியை நான் முழுதாகத் திட்டவும் முடியாது. கடலில் மீன் மாற்றுவதுதான் களவு மீனை மறைக்கும் பழைய வழி. எல்லை தாண்டிப் பிடிப்பவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் மீனுக்கு ஐரோப்பா ஒருமுறை தடை போட்டதும் காரணமில்லாமல் அல்ல. ஆனால் அந்த விதியை எழுதியவர்களின் கணக்கில் படகு என்றால் ஒரு நிறுவனம். அதற்கு ஒரு அலுவலகம், பதிவு செய்ய ஒரு ஆள். இங்கே கடலுக்குப் போவது தனிப் படகு அல்ல. அண்ணனும் தம்பியும் சேர்ந்து போகிறார்கள். பெரிய கப்பலுக்கு இந்த விதியின் செலவு ஒரு எழுதுவினைஞரின் சம்பளம். எங்களுக்கு அது ஒரு உறவு. இத்தனை வருடம் கரும்பலகையில் "நிறுவனம்" என்று எழுதி அடிக்கோடு போட்டவன் நான். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் களைப்பாக இருக்கிறது.

மீனைக் கிண்ணியா வியாபாரி ஒருவர் லொறியில் ஏற்றினார். அவர் சொன்ன விலைக்கே மருமகன் கொடுத்தார்.

போவதற்கு முன் அந்தப் பெண் ஒன்று சொன்னாள்: "அடுத்த பயணம் உங்கட மீனை மட்டும் கொண்டு வாங்கோ. பட்டியலில சேர்க்க நானே சொல்லுறன்."

அன்று பின்னேரம் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தரம் தனியப் போய்ப் பாருங்கோவன். உங்கட அண்ணை தன்ர மீனைத் தானே கொண்டு வரட்டும்."

மருமகன் கதிரையில் இருந்து கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுக்கடலில நிண்டு அண்ணை ரேடியோவில கூப்பிடுவார். ஐஸ் முடியுது, வந்து ஏத்து எண்டு. கேக்காத மாதிரி என்னால திரும்பி வர ஏலாது."

"அப்ப கட்டார்?"

"கட்டாரில எண்டா அவர் கூப்பிடுறது எனக்குக் கேக்காது."

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாள். நான் என் மாத்திரைகளை எடுத்து மறுபடி எண்ணத் தொடங்கினேன். அடுத்த கிழமை ஈச்சிலம்பற்றிலிருந்து இரண்டு பேர் படகை வாங்குவதற்காகப் பார்க்க வந்தார்கள். மருமகன் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். அது நல்ல சத்தத்தோடு உடனே பிடித்தது.