வெடியின் தலையில் போட்ட பழி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணலாக இருக்கும். சொல்ல வந்தது நடுவில் மறந்துபோய், நாலு வரி தள்ளித்தான் நினைவுக்கு வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவகாசிக்குப் பக்கம், எம். புதுப்பட்டிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. பட்டாசுத் தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்போம். எங்கள் குடும்பத்தில் காது கேளாதவர்கள் உண்டு. ஆனால் ஒருவருக்கும் அது பிறவிக் குறை என்று நாங்கள் நினைத்ததில்லை. எல்லாம் வெடிச் சத்தம்தான் காரணம். என் சித்தப்பாவுக்குக் காது போனது, தீபாவளியன்று எவனோ காலடியில் போட்ட அணுகுண்டால். அப்போது அவருக்கு என்ன வயது என்று யாரும் கேட்டதில்லை. என் அத்தைக்குக் காது போனது, அவர் வயிற்றில் இருந்தபோது அவருடைய அம்மா வெடி வெடித்துப் பார்க்கிற பொட்டலுக்கு விறகு பொறுக்கப் போனதால். பெண் பார்க்க வருகிறவர்களும் இதே ஊர்ப்பக்கம்தானே. சித்தப்பாவைக் காட்டி "வெடிதான?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடிப்பார்கள்.

என் மகளை என் அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்தேன். முறை இருந்தது, இரண்டு பேருக்கும் ஆசையும் இருந்தது. பெண் குழந்தை பிறந்தது. முதல் தீபாவளி வந்தபோது அதற்கு ஐந்து மாதம். வாசலில் சரவெடி போட்டதில் தெரு நாய்கள் அடுத்த ஊருக்கே போய்விட்டன. தொட்டிலில் குழந்தை அசையாமல் தூங்கியது. அண்ணன் மனைவி, அதாவது என் மதினி, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

"எங்க ரத்தம்லா. சத்தத்துக்கு அசருமா?"

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருப்பார்கள். நாங்கள் கண் பட்டுவிடும் என்று மிளகாய் சுற்றிப் போட்டோம்.

ஒரு வயது தாண்டியும் பேச்சு வராததால்தான் விஷயம் தெரிந்தது. அரசுக் காப்பீட்டுக்காகச் சூலக்கரை கலெக்டர் அலுவலகத்துக்குப் பல நாள் அலைந்து, ஆபரேஷன் செய்து, காதில் கருவி வைத்தோம். இப்போது அவளுக்கு மூன்றரை வயது. வாய் ஓய்வதில்லை. யாராவது திட்டினால் மட்டும் கருவியின் வெளிப்பக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள். திட்டி முடித்ததும் மாட்டிக்கொள்வாள். அந்த வசதி எங்களில் யாருக்கும் இல்லை.

என் மகள் இரண்டாவது பிள்ளை வேண்டும் என்றாள். மருமகனுக்குப் பயம். இதுவும் அப்படிப் பிறந்தால் என்ன செய்வது என்று ஒரு வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மகள் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் மதுரையில் மரபணு பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். நாங்கள் எல்லோரும் வரவேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததால் அண்ணனும் மதினியும் நானும் ஏறிக்கொண்டோம். மதினி புளியோதரை கட்டி எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா சின்ன வயது. ஒரு தாளில் எங்கள் குடும்பத்தைப் படமாகப் போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், காது கேளாதவருக்கு மையால் அடைக்க வேண்டும். சொந்தத்துக்குள் கட்டினால் இரட்டைக் கோடு. எங்கள் குடும்பத்துக்கு இரட்டைக் கோடு போட்டுப் போட்டு, இன்னொரு தாளை ஒட்டவேண்டி வந்தது.

சித்தப்பாவின் கட்டத்தை அவர் அடைக்கப் போனபோது அண்ணன் கை நீட்டித் தடுத்தார்.

"அதை அடைக்காதீக டாக்டர். அது வெடியில போன காது."

"எத்தனை வயசுல போச்சு?"

"பொறந்ததுல இருந்தே அப்படித்தான்."

"பொறந்த பிள்ளை வெடி போட்டுச்சா?"

அண்ணன் மதினியைப் பார்த்தார். "வேற யாரும் போட்டிருப்பாக" என்றார் மதினி.

டாக்டரம்மா சிரிக்காமல் கட்டத்தை அடைத்தார். அத்தையின் வட்டத்தையும் அடைத்தார். ஒவ்வொன்றாகக் கறுக்கக் கறுக்க, ஏதோ எங்கள் சொத்தை ஜப்தி செய்வதுபோல அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டரம்மா என்னிடம் ஏதோ கேட்டார் போல. நான் பேசாமல் இருந்தேன். "அவ வெக்கப்படுவா" என்றார் மதினி. டாக்டரம்மா எழுந்து என் வலப்பக்கம் வந்து மறுபடி கேட்டார். நான் அறுபது வயசு தாண்டும்வரை யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். எனக்கு இடது காது கேட்காது. பன்னிரண்டு வயதில் ஆபீஸில் வேலை பார்த்தபோது பக்கத்தில் ஒரு வெடி வெடித்தது. பெண்ணுக்கே காது கேட்காது என்று சொன்னால் கல்யாணம் நடக்காது என்று மறைத்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டது பாதி காதில் விழவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு அடக்கம் என்று அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள்.

"இந்தக் குடும்பத்துலயே வெடியால காது போனது நீங்க ஒருத்தர்தான் போல" என்று சொல்லி, டாக்டரம்மா என் வட்டத்தை மட்டும் அடைக்காமல் விட்டார். அண்ணன் என்னை முறைத்தார். அவர் அத்தனை வருஷமாக எல்லோருக்கும் பங்குபோட்ட காரணத்தை நான் தனியாக அமுக்கி வைத்திருந்தேன் அல்லவா.

மகளிடமும் மருமகனிடமும் ரத்தம் எடுத்தார்கள். சில வாரம் கழித்துக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் மறுபடி போனோம். டாக்டரம்மா சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: ஒரு வெடிக்கு இரண்டு திரி. ஒன்று நமத்திருந்தால் மற்றது பற்றிக்கொள்ளும், நமத்தது வெளியே தெரியாது. இரண்டுமே நமத்துப்போனால்தான் வெடிக்காது. என் அப்பாவிடமிருந்த ஒரு நமத்த திரி எனக்கும் அண்ணனுக்கும் வந்து, என்னிடமிருந்து மகளுக்கும் அண்ணனிடமிருந்து மருமகனுக்கும் போயிருக்கிறது. ஆகவே இவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு நாலில் ஒன்று காது கேளாமல் போகலாம்.

மதினிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். "அப்ப அம்புட்டும் இவுக பக்கம். எங்க பக்கம் சுத்தம்."

"உங்ககிட்டயும் வேற ஏதாவது இருக்கும்மா. எல்லார்கிட்டயும் ரெண்டு மூணு இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"என்ன டாக்டர் இப்படிச் சொல்றீக, எங்கய்யா தொண்ணூறு வயசு வரைக்கும் மொச்சை தின்னாரு."

கருவை வெளியே உண்டாக்கி, சோதித்து, காதுக்குக் குறை இல்லாததை மட்டும் வைக்கிற வழியும் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. மதினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அப்படியே ஆம்பளப் பிள்ளையா, நல்ல செவப்பா பாத்து வைங்க. உசரம் எங்கண்ணன் மாதிரி."

"ஆணா பொண்ணான்னு தேர்ந்தெடுக்கிறது குத்தம்மா. நிறம், உயரம் எல்லாம் பாக்கவும் முடியாது."

"பெறகு என்னதான் பாக்கீக?"

அண்ணனுக்கு மட்டும் அந்த யோசனை பிடித்துவிட்டது. "ஆபீஸ்ல நாங்களே வெடியத் தரம் பாத்துத்தான தாயி லோடு ஏத்துறோம்" என்றார் என் மகளிடம்.

"வெடிச்சுப் பாத்துத்தான மாமா தரம் பாப்பீக" என்றாள் அவள்.

மருமகன்தான் மெல்ல ஆரம்பித்தார். "பிள்ளைய ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோனப்ப நான் வெளியில நின்னேன்லா. இன்னொரு தடவை நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

"எனக்கும்தான் இல்ல. ஆனா இவளை மடியில வச்சிக்கிட்டு, இவளை மாதிரி இருந்தா தள்ளிருங்கன்னு எப்படிச் சொல்லுவேன்? வளர்ந்து கேட்டா என்ன சொல்லட்டும்?" என்றாள் மகள்.

இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. இன்றும் அப்படித்தான். ஒரே நேரத்தில் அண்ணன், மதினி, மருமகன் மூன்று பேரும் பேச ஆரம்பித்தார்கள். தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்த குழந்தை கருவியைக் கழற்றி டாக்டரம்மா கையில் கொடுத்துவிட்டது.

மதினி என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுத்தா, பெத்தவதான?" என்றார்.

"பெறப்போறது அவ. அவ சொல்லட்டும்" என்றேன். நாலு பேர் முன்னால் நான் என் கருத்து என்று ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, அன்றும் மதினி கட்டி வந்திருந்த புளியோதரைப் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"முடிவு உங்க ரெண்டு பேரோடதுதான், அவசரமில்ல" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. மூன்று மாதம் வீட்டில் அதே பேச்சு. கடைசியில் மருமகனே வந்து, பிறக்கிறது பிறக்கட்டும், பிறந்த வாரமே காதைச் சோதித்துவிட வேண்டும், அதற்கு மட்டும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றார். மகள் தலையாட்டினாள். அவளுக்கு இப்போது ஆறாம் மாதம்.

பயம் இல்லாதவர் மதினி ஒருவர்தான். நாலில் ஒன்று என்றார்களே, அந்த ஒன்று முதல் பிள்ளையோடு கழிந்தது, இனி வருகிற மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகாது என்கிறார். மூன்று பேருக்கும் பெயர்கூடப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் புதிதாக நாலில் ஒன்று என்றுதான் டாக்டரம்மா சொன்னதாக எனக்கு நினைவு. மகளும் அதையேதான் சொல்கிறாள், மதினி ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் படிப்புப் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு முன்னால் சொன்னால் நல்லது.