குடிக்காதவரின் கல்லீரல்

மலேசியாவில் புக்கிட் ரோத்தானில் எங்கள் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் சாமான் வாங்கும் ஒரு சீனர் கடை உண்டு. கல்யாணமாகி நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் வீட்டுக்காரர் அந்தக் கடைக்கு என்னை அனுப்பினார். தேங்காய், கற்பூரம், சுருட்டு, கடைசியாக இரண்டு பாட்டில் கறுப்பு பீர். பெண்பிள்ளை போய் இதைக் கேட்பதா என்று நான் அசையாமல் நின்றேன். சாமிக்கு என்று சொல், கொடுப்பார் என்றார். போய்ச் சொன்னேன். கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பாட்டில்களையும் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, கோயில் பிரசாதத்தைத் தருவதுபோல் இரண்டு கையாலும் தந்தார். நான் அதைக் கூடையில் வைத்து, பட்டப்பகலில், நான்கு பேர் பார்க்க நடந்து வந்தேன். ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஏனென்றால் நான் குடிகாரன் மகள். முசிறிப் பக்கம் எங்கள் ஊரில் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன் வீட்டுக்குப் போக என் அப்பாவுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு மூக்குத்தான் முதல் கண். வாசலில் ஆள் வருவதற்கு முன்பே இன்றைக்கு அடி விழுமா விழாதா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் மலேசியாவிலிருந்து பெண் பார்க்க வந்தவரைப் பற்றி நான் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. தொட்டதே இல்லை என்று அவரே நேராகச் சொன்னார். அது பொய்யில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டிவிட்டு வேர்வையும் எண்ணெயுமாக வீட்டுக்கு வருவார். அந்த வாசனையைத் தவிர வேறு எதையும் என் மூக்கு ஒருநாளும் கண்டதில்லை.

ஆனால் அவர் சாமியாடி. தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில் இருக்கிறது. வருடத் திருவிழாவில் உறுமி அடிக்கத் தொடங்கியதும் அவர் மேல்தான் சாமி இறங்கும். இறங்கினால் சுருட்டுக் கேட்கும், பாட்டில் கேட்கும், ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குறி சொல்லும். தண்ணீர் தெளித்து மலையேற்றியதும் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அவர் வாயருகே முகர்ந்து பார்த்தேன். சிரித்துவிட்டார்.

"குடத்துல தண்ணி தூக்கிட்டு வர்ற. குடம் தண்ணி குடிச்சிருச்சுன்னு யாராவது சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோருக்கும் இதுதான் கணக்கு. சாமி குடித்தது வேறு, ஆள் குடித்தது வேறு. நானும் மெல்ல மெல்ல அந்தக் கணக்குக்குப் பழகிப்போனேன்.

பிறகு அவருக்கு அசதி வந்தது. லோரியிலிருந்து இறங்கினால் சாப்பிடாமல்கூடப் படுத்துவிடுவார். சட்டைக் காலர் தொளதொளத்தது, வயிறு மட்டும் முன்னே வந்தது. கண்ணில் மஞ்சள் ஏறியதும் தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரஸ்ஸர் அதுவரை கொடுத்துவந்த டானிக்கை நிறுத்திவிட்டு, டவுனுக்குப் போ என்று அனுப்பினார்.

டவுன் டாக்டர் ஒரு மலாய் இளைஞர், நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, கண் இமையை இழுத்துப் பார்த்து, வயிற்றில் கை வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார், குடிப்பாயா என்று. இந்த நாட்டில் தோட்டத்துத் தமிழன் எந்த டாக்டரிடம் போனாலும் பெயருக்கு அடுத்து வரும் கேள்வி இது. கால் முறிந்து போனாலும் கேட்பார்கள். இவர் இல்லை என்றார். ஒருமுறைகூடவா இல்லை என்று டாக்டர் திரும்பக் கேட்டார். அங்கே நிறுத்தியிருக்கலாம். இல்லை என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் எதுவும் ஆகியிருக்காது. ஆனால் சாமியாடி பொய் சொல்லக் கூடாது.

"சாயா தாக் மினும், தோக்தோர்," என்றார். நான் குடிப்பதில்லை. கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சாமி மினும்" என்று சேர்த்துக்கொண்டார். குடிப்பது சாமி.

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த உதவியாளர், நம்முடைய ஆள், அவர்தான் சிரித்தார். சாமி என்பது இவருடைய கூட்டாளியின் பெயரா என்று டாக்டர் அவரிடம் கேட்டார். அவர் ஏதோ விளக்கினார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். கல்லீரல் கெட்டுவிட்டது, குடியை விட்டால் பிழைக்கலாம், விடாவிட்டால் யாரும் எதுவும் செய்ய முடியாது என்று பொறுமையாக, என்னைப் பார்த்தே சொன்னார். இவ்வளவு கருணையோடு சொல்லப்பட்ட தப்பான தீர்ப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெளியே வந்ததும் பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்று அவரைத் தேற்றப் பார்த்தேன். நாம் இருப்பதே செம்பனை மரத்தடிதானே என்றார். அவ்வளவுதான் அன்றைக்குப் பேசினார்.

அதன்பிறகு எங்கே போனாலும் அந்தத் தீர்ப்பு எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. நான் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன், உப்பைக் குறைத்தேன். ஊரில் காமாலைக்கு அதுதான் மருந்து. இங்கும் லயத்துக்குப் பின்னால் அது தானாக முளைத்துக் கிடந்தது. சீன மருந்துக்கடைக் கிழவர் நாடி பார்த்து உடம்பில் சூடு அதிகம் என்றார். சுங்கை புரோங் வயலோரத்தில் ஒரு மலாய் வைத்தியர் எலுமிச்சம்பழம் அறுத்துப் பார்த்து, யாரோ பொறாமையில் செய்திருக்கிறார்கள் என்றார். ஆளுக்கு ஒரு நோயை வைத்திருந்தார்கள். அதை இவர் மேல் போர்த்தினார்கள். எவருக்கும் பொருந்தாத சட்டை மாதிரி இவர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துக் கழற்றினார்.

திருவிழா வந்தது. டாக்டர் ஒரு சொட்டும் கூடாது என்றிருக்கிறார், உறுமிச் சத்தம் கேட்டால் சாமி வராமல் இருக்காது. என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கோயிலில் பொங்கல் வைக்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் திருட்டுத்தனமாகப் பஸ் ஏறிக் கோலா சிலாங்கூருக்குப் போய், கோட்டை மலை மேல் பழைய பீரங்கிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கீழே ஆறு கடலில் கலந்துகொண்டிருந்தது. குரங்குகளுக்குச் சுற்றுலா வந்த பிள்ளைகள் கச்சான் கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். உறுமி அங்கே எப்படிக் கேட்கும்? ஆனாலும் உச்சி நேரத்துக்கு அவர் கை கால் நடுங்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் சாமி, ஒடம்பு சரியில்ல, வேணாம்" என்று மெதுவாகச் சொன்னார். தெய்வத்தை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய மனிதரை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பாவமாக இருந்தது, அவருக்காகவும், வந்து திரும்பிப்போன சாமிக்காகவும்.

அந்த வருடம் முழுக்க ஆளும் குடிக்கவில்லை, சாமியும் குடிக்கவில்லை. வயிறு மட்டும் வீங்கிக்கொண்டே போனது. கால் வீங்கியது. டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, இவர் உனக்குத் தெரியாமல் குடிக்கிறார் அம்மா என்றார். எனக்குத் தெரியாமலா? மீன் சந்தையில் கற்றுக்கொண்ட மலாய் எனக்கு இருந்தது. குடிகாரன் எப்படி இருப்பான் என்று நான் உங்களுக்குப் பாடம் நடத்துவேன் என்று சொல்ல அது போதவில்லை. வேறு இடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டே நின்றேன். கடைசியில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

துணைக்கு என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா அவர் ஒருவர்தான், அதே லயத்தில் இருக்கிறவர். பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு சீனப் பெண் டாக்டர், வயது என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். குடியைப் பற்றிக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, சாமியையும் கோட்டை மலையையும் ஒரு வருடத்தையும் எனக்குத் தெரிந்த மலாயில் கொட்டித் தீர்த்தேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டிலால் இப்படி ஆகாது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வேறொன்று கேட்டார். அதுவரை எவரும் கேட்காதது. உங்கள் அம்மா எந்த நோயில் இறந்தார்?

காய்ச்சல் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார். டாக்டர் காத்திருந்தார். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தார்.

"காச்சல் இல்ல," என்றார் நாத்தனார். "எங்கம்மாவுக்கும் இதே மாதிரிதான் வயிறு. நிறைமாசக்காரி மாதிரி. ரப்பர் பால்வெட்டப் போன எடத்துல கள்ளு குடிச்சுதான் அப்படி ஆச்சுன்னு தோட்டமே பேசிச்சு. எங்களுக்கும் அப்ப வேற என்ன தெரியும்? வெளிய சொல்ல வெக்கம். அதான் காச்சல்னு சொல்லிட்டோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டும் தொடாமல் இருந்தது ஒழுக்கத்தால் மட்டுமில்லை. குடித்துச் செத்த தாய்க்குப் பிறந்தவன் என்ற பேச்சைக் கழுவுவதற்காக இருந்திருக்கிறார். நாத்தனார் சொன்னதை நான் உடைந்த மலாயில் டாக்டருக்குச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாத்தனார் உட்பட எங்கள் மூன்று பேரிடமும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

மறுமுறை போனபோது ஒரு தமிழ் நர்ஸை, இங்கே மிஸ்ஸி என்பார்கள், அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு டாக்டர் விளக்கினார். அதற்கு ஹெப்படைட்டிஸ் பி என்று பெயர். ஒரு கிருமி. பிரசவத்தின்போது தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்கு வரும். வந்தால் சத்தமில்லாமல் பல வருடம் கல்லீரலில் குடியிருந்து அதைச் சுருக்கிவிடும். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாத்தனாருக்கும் அது இருந்தது, இன்னும் கெடுக்கத் தொடங்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு முற்றிவிட்டது. மருந்து இருக்கிறதா என்று நான் கேட்டேன். மிஸ்ஸி டாக்டரைக் கேட்காமலே என் தோளில் கை வைத்தார்.

என் வீட்டுக்காரர் என்னவோ நல்ல சேதி கேட்டவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "மிஸ்ஸி, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க," என்றார். "அப்ப எங்கம்மா குடிக்கல, இல்ல?"

மிஸ்ஸி கேட்டார். டாக்டர், உங்கள் அம்மாவை நான் பார்த்ததில்லை, ஆனால் இதே நோயாகத்தான் இருந்திருக்கும், குடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். என் வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தன் சாவுக்கு அவர் அழுது நான் பார்க்கவில்லை, அதன் பிறகும் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது அக்காவும் தம்பியும் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு, அம்மா போடும் சண்டை. அதுவரை அந்த வீட்டில் அம்மாவைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் ரத்த வாந்தி எடுத்து இறந்துபோனார். கருமாதிப் படையலில் யாரோ பழக்கதோஷத்தில் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாத்தனார் அதை எடுத்துப்போய் வெளியில் வைத்துவிட்டு வந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எங்கள் ஊரிலும் இதே கதைதான். மலேயா மாப்பிள்ளை குடித்தே செத்தான் என்று முசிறி வரை பேசிக்கொண்டார்களாம். கடல் தாண்டி வந்த பிறகும் ஒரே பொய்யை இரண்டு நாட்டுத் தமிழிலும் கேட்க வேண்டியிருந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். கிளம்பி வா என்று அண்ணன் எழுதினான், வருகிறேன் என்று நானும் எழுதினேன். அதற்குள் நாத்தனார் மகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. அவள் ரத்தத்திலும் அந்தக் கிருமி இருந்தது. ஆனால் பிறந்த குழந்தைக்கு உடனே போட ஓர் ஊசி இப்போது வந்துவிட்டது. பிறந்த அன்றைக்கு ஒன்று, பிறகு இன்னும் இரண்டு. எதையும் விடக் கூடாது. தாயும் பாட்டியும் பயந்து ஒதுங்கி நிற்க, நான்தான் குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அங்கே வந்திருந்த அந்தச் சீன டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, என் ரத்தச் சோதனையைப் பற்றி அப்போது சொல்லாமல் விட்டதைச் சொன்னார். அந்தக் கிருமி எனக்கும் வந்திருக்கிறது. என் கணவரிடமிருந்துதான். ஆனால் என் உடம்பு அதைத் தங்கவிடாமல் அனுப்பிவிட்டது. வந்துபோன அடையாளம் மட்டும் ரத்தத்தில் இருக்கிறது. அது அழியாது, அதனால் கெடுதலும் இல்லை.

நான் இங்கே தங்குவதற்கான பாஸ் முடிகிற சமயம் இமிகிரேசனுக்குப் போனேன். இன்னும் சில மாதம் வேண்டும், ஒரு குழந்தைக்கு ஊசி பாக்கி இருக்கிறது என்றேன். உன் குழந்தையா என்றார் அதிகாரி. இல்லை. கணவர்? இறந்துவிட்டார். வீடு, நிலம்? இல்லை. பிறகு இந்த நாட்டில் உனக்கு என்னதான் இருக்கிறது என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருப்பது என் வீட்டுக்காரர் என் ரத்தத்தில் விட்டுப்போன அடையாளம்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே தள்ளி, ரத்தம் எடுத்த இடத்தை அவருக்குக் காட்டினேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முத்திரை குத்தினார்.