நைட் ஷிஃப்ட் என்று சொன்ன வீடுகளில் எங்கள் அக்கா

இறைவனில் இளைப்பாறும் எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் சொந்தத்தில் சில பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு, "நோய் விஷயம் வேணாம்பா. மாரடைப்புன்னு மட்டும் போடு. வூட்ல பொண்ணுங்க இருக்குது, நாளைக்கு சம்பந்தம் பேச வருவாங்க" என்றார்கள். அம்மாவைக் கேட்டேன். "அவ மறைச்சாளா? நீ ஏன் மறைக்கற? எழுது" என்றார். ஆகவே எழுதுகிறேன். சங்கடப்படுகிறவர்கள் அடுத்த பக்கத்திலுள்ள புகைப்படங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்தில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்ததெல்லாம் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. அக்கா கோயில் பாடகர் குழுவில் பாடுவார். கணக்கில் கெட்டி, என் காதைத் திருகுவதிலும் கெட்டி. கல்லூரி முடித்த வருடம் அவருக்கு யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்க ஆரம்பித்தன. அவை அவரைத் திட்டின. சோற்றில் எதையோ கலந்திருக்கிறோம் என்று பயந்து அம்மாவின் கையைத் தட்டிவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஜெபவீட்டில் கொண்டுபோய் விட்டோம். அங்கே காலில் கட்டிப்போட்டிருந்தார்கள். கணுக்காலில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

பிறகு வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். டவுன்ஷிப்பில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். "நைட் ஷிஃப்ட்" என்று சொன்னால் போதும், வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். ராத்திரியெல்லாம் சுரங்கத்தில் நின்றுவிட்டு வந்த மனிதர் தூங்குகிறார் என்றால் பால்காரர்கூட மணி அடிக்க மாட்டார். எங்கள் வீட்டு ஜன்னல்கள் பகலெல்லாம் மூடியே இருந்தன. யார் வந்தாலும் அம்மா, "அவரு நைட் ஷிஃப்ட்டுங்க, தூங்குறாரு" என்பார். அப்பாவோ ஜெனரல் ஷிஃப்ட். காலையில் பின்சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், சாயங்காலம் திருடன் மாதிரி அதே வழியாக வருவார்.

பக்கத்து பிளாக்கில் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர். ஒரு தொழிலாளிக்கு வருஷக்கணக்காக நைட்டே போடுகிறார்களே என்று மனம் பொறுக்காமல், அப்பாவிடம்கூடக் கேட்காமல், மேலதிகாரியிடம் நியாயம் கேட்கப் போய்விட்டார். "அவருக்கு ஏதுய்யா நைட்டு?" என்று அதிகாரி சிரித்திருக்கிறார். இவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "என்னாங்க இது, என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள் அறையிலிருந்து அக்கா அலறினார். மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க தம்பியும் இப்படித்தான் இருந்தான். மொதல்லியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். தன் தம்பியைப் பார்த்துவந்த மனநல மருத்துவரிடம் அவரே எங்களை அழைத்துப்போனார்.

மாத்திரையால் உடம்பு கனத்தது, கை நடுங்கியது, பாட்டு போயே போயிற்று. குரல்களும் முழுதாக விடவில்லை. "பக்கத்து வூட்டு ரேடியோ மாதிரி அது பாட்டுக்குப் பேசிகினு இருக்குது, நான் என் வேலையப் பாக்கறேன்" என்பார். மருத்துவர் நடத்திய சனிக்கிழமைக் கூட்டத்தில், நோயை அனுபவித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அக்கா வெகுநாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். கடைசியில் அவர் பேசுவதைக் கேட்கவே சிலர் வந்தார்கள். பயிற்சி கொடுத்து அவரைச் சக ஆதரவுப் பணியாளர் ஆக்கினார்கள். மருந்து எழுதுகிற வேலை அல்ல. அந்த நோயில் கிடந்து எழுந்தவர், இப்போது கிடப்பவரின் பக்கத்தில் போய் உட்காருகிற வேலை. ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "பேஷண்ட்டே நர்ஸா?" என்று கேட்டுச் சிரித்தார். அவருக்கு இந்த மலரின் பிரதி ஒன்றைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஒருநாள் முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டுக்கு அக்காவை வண்டியில் அழைத்துப்போனேன். குழந்தை பெற்ற மருமகள் மாதக்கணக்கில் வெளியே வரவில்லை என்று தகவல். மாமியார் கதவைப் பாதி திறந்து, "எம் புள்ள நைட் ஷிஃப்ட்டும்மா, தூங்குறான். அப்புறமா வாங்க" என்றார். காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் அந்தப் பிள்ளையை நாங்கள் வரும் வழியில் டீக்கடையில் பார்த்திருந்தோம்.

அக்கா கோபப்படவில்லை. "சரிங்கம்மா, நான் படியிலயே உக்காந்துக்கறேன். எங்க வூட்லயும் ரொம்ப வருஷம் நைட் ஷிஃப்ட்தாங்க ஓடிச்சி. உள்ள இருந்தது நான்தான்" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வாரம் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு ஒருநாள் அந்த மாமியாரே அழுதுகொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

அக்காவின் கடைசி நாளைப் பற்றி நிதானமாக எழுத எனக்கு வரவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றார். ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லாரையும் உண்மையைச் சொல்லச் சொன்னவர், தானும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் நெஞ்சைப் பற்றி யாரும் பேசவில்லை. பதற்றம் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வண்டியில் ஏறும்போது, "தம்பி, இது அது இல்லடா. அது எனக்குத் தெரியும்" என்றார். அன்று சாயங்காலமே போய்விட்டார். மறைத்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்ற நினைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

துக்கத்தில் எங்களோடு நின்ற பங்குத்தந்தைக்கும், குழி வெட்டியதிலிருந்து கூடவே இருந்த பிளாக் இளைஞர்களுக்கும், சனிக்கிழமைக் கூட்டத்தாருக்கும், வயதான காலத்தில் கோலூன்றி வந்த சங்கத்துக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவர் இருக்கிறார். முத்தாண்டிக்குப்பம் பக்கத்து வீட்டின் அந்த மருமகள். பெயரைப் போடச் சொல்லி அவரே கேட்டார், கணவர் வேண்டாம் என்றதால் விட்டிருக்கிறேன்.

அடக்கத்தன்று அவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அத்தை ஒருவர் திரும்பிப் பார்த்து, "நீ எந்த வழியில சொந்தம்மா?" என்று கேட்டார்.

"மாத்திரை வழியிலங்க" என்றார் அவர், எல்லார் காதிலும் விழும்படி. "அக்காவும் நானும் ஒரே மாத்திரை."

அம்மா நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.