வோல்ஸ்லியில் மணல் மூட்டைகள்

துபாய் அல்கூஸில் ஒரு ஷெட் இருக்கிறது. அதில் ஓர் அரபுப் பணக்காரரின் பழைய கார்கள் நிற்கின்றன. கோடையிலும் குளிர் குறையாத ஏ.சி. அந்தக் கார்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் கார்மேகத்துக்கு, தொழிலாளர் கேம்பில் ஆறு பேரோடு ஒரு ரூம்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து பதினொரு வருஷம் ஆகிறது. மனைவி அருணாவும் மகள் சந்தியாவும் ஊரில். குடும்பத்தை அழைத்துவந்து வைத்துக்கொள்ள இங்கே இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று சட்டம். அதற்குக் கீழே வாங்குகிறவனுக்கும் மனைவி மக்கள் உண்டு என்பது சட்டத்துக்குத் தெரியாது. ரூமில் இதைத் தலையெழுத்து என்பார்கள். எவன் தலையிலும் யாரும் எழுதவில்லை. மனிதர்கள் போட்ட விதி இது, மனிதர்களால் மாற்ற முடிந்த விதி.

ஷெட்டில் கார்மேகத்துக்குப் பிடித்தது ஒரு வோல்ஸ்லி ஹார்னெட். 1931ஆம் வருஷத்து இங்கிலாந்து வண்டி. சின்ன உடம்புக்குள் ஆறு சிலிண்டர் எஞ்சின். மாதச் சம்பளக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போய்வருவதற்கென்று செய்த வண்டி. இப்போது அதில் யாரும் உட்காருவதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அருணாவும் சந்தியாவும் ஒரு மாத விசிட் விசாவில் வந்தார்கள். நகரத்துக்குள் சத்வா பகுதியில் பலகைத் தடுப்புப் போட்ட பாதி ரூமை வாடகைக்கு எடுத்தார் கார்மேகம். ஊருக்குத் திரும்புவதற்கு முன் அந்தக் காரில் ஒரு தடவை மூவரும் சேர்ந்து போகவேண்டும். மகளிடம் போனில் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை இருவரையும் ஷெட்டுக்குக் கூட்டிவந்தார். மேனேஜர் செய்கு அலாவுதீன், கீழக்கரைக்காரர், அவரைத் தனியே இழுத்துப்போனார்.

"வெளியாள் உக்காரக் கூடாதுப்பா. ஓனருக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் விசா கேன்சல்தான்."

"கிளட்ச் மாத்தியிருக்கேன் பாய். லோடு ஏத்தி ஓட்டிப் பாக்கச் சொன்னது நீங்கதானே?"

"அதுக்குத்தான் மணல் மூட்டை கிடக்கே."

"அதுல ரெண்டு மூட்டைக்குப் பதிலா இவங்க. மணல் மூட்டைகிட்ட எவனும் விசா கேக்கமாட்டான்."

அலாவுதீன் வாசல் பக்கம் பார்த்தார். குடும்பத்தை அழைத்துவர வேண்டிய அளவை அவர் சம்பளம் தொட்டபோது அவருடைய பிள்ளைகள் காலேஜ் முடித்திருந்தார்கள்.

"மூட்டை பேசாம உக்காந்திருக்கும்ல?"

"அருணா பேசாம இருக்கிறவளா இருந்தா நான் ஏன் பாய் கடல் தாண்டி வாரேன்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பின் சீட்டில் ஏறப்போன அருணாவைத் தடுத்தார் அலாவுதீன். "முன்னாடி உக்காருமா. மூட்டை பின்னாடி போகட்டும். காம்பவுண்டுக்குள்ள மூணு சுத்து. அதோட கலாஸ்."

சந்தியா ஒரு மணல் மூட்டைக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். வண்டிக்கு ஸ்டியரிங் வலது பக்கம். இந்த ஊரில் டிரைவர் இருக்கிற இடது பக்கத்தில் அருணா இருந்தாள். கேட்டருகே வழியை மறித்து நின்ற லாரிக்காரன் அவளைப் பார்த்துத்தான், இதோ எடுக்கிறேன் என்று கை காட்டினான்.

"அம்மாதான் ஓட்டுதுன்னு நெனச்சுட்டான்" என்றாள் சந்தியா.

அருணா வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது சுற்றில் கார்மேகம் கேட்டார்: "ஏன், புடிக்கலையா?"

"மூட்டை பேசக் கூடாதுன்னு பேசிக்கிட்டீங்களே. காதுல விழுந்துச்சு."

மூன்றாவது சுற்றில் அவளே கேட்டாள். "அந்தக் காலத்துல இத யாரு வாங்குவா?"

"கிளார்க்கு, வாத்தியாரு. நம்மளாட்டம் சம்பளத்துக்குப் போறவன்தான்."

"அவன் பொண்டாட்டி அவன்கூடவே இருந்தாளா?"

"இருந்திருப்பா."

"தெனமும்?"

கார்மேகம் கியரை மாற்றினார். கிளட்ச் உதறாமல் பிடித்தது. டெஸ்ட் முடிந்துவிட்டது, ஷெட்டின் கதவு எதிரே திறந்திருந்தது.

"இன்னொரு சுத்து போங்க" என்றாள் அருணா.

கார்மேகம் வண்டியைத் திருப்பினார். வாசலில் நின்ற அலாவுதீன் நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார். பிறகு, அதற்காகவே தூக்கியதுபோல் தலையைச் சொறிந்துவிட்டு, இறக்கிக்கொண்டார்.