குங்குமச் சிமிழில் நான்கு சிம் கார்டுகள்

என் சாமி மேடையின் ஓரத்தில் ஒரு சின்னக் குங்குமச் சிமிழ் இருக்கிறது. வெள்ளி இல்லை, வெள்ளி மாதிரி. என் வீட்டுக்காரர் போன பிறகு அதில் குங்குமம் வைப்பதில்லை. தூக்கிப் போடவும் மனம் வராமல் வெறுமனே வைத்திருந்தேன். இப்போது அதைத் திறந்தால் உள்ளே நான்கு சிம் கார்டுகள் கிடக்கும். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா. விரல் நகம் அளவுதான் ஒவ்வொன்றும். அடியில் ஒட்டியிருந்த பழைய குங்குமம் பட்டு, நான்கின் விளிம்பும் லேசாகச் சிவந்திருக்கும். எதுவும் இனி வேலை செய்யாது. ஆனாலும் விளக்கேற்றும்போது சில நாள் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் டீச்சரின் குரல் கேட்கும்: "அக்கா, வாயைத் தொறந்து கேளுங்கக்கா!"

நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கற்ற தமிழ் எழுத்து கூடவே வந்தது, மலாய் கொஞ்சம் பேசுவேன், ஆங்கிலம் தெரியாது. மலேசியாவின் கோத்தா திங்கியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் கூட்டிப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தேன். யார் என்ன கேட்டாலும் "ஆமாங்க", "சரிங்க" என்று தலையை ஆட்டிவிடுவது என் பழக்கம். ஒருமுறை வகுப்பறைக் கண்ணாடி உடைந்து கிடந்தது. பந்து பட்டு உடைந்தது என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியர் வந்து, "நீங்கதான் உடைச்சீங்களா?" என்று கேட்டபோது அதற்கும் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு, அங்கே பாடம் நடத்திய டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தையே நீங்கதான் கொளுத்துனீங்களான்னு கேட்டா அதுக்கும் ஆமாங்கன்னுவீங்களா?" அதற்கும் நான் தலையை ஆட்டினேன் போலிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். அதனால் நான் அவருக்கு அக்கா, அவர் எனக்கு டீச்சர்.

என் வீட்டுக்காரர் இறந்த அன்றும் டீச்சர்தான் பக்கத்தில் இருந்தார். காலையில் செம்பனை எண்ணெய் ஆலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனவர். நான் வழக்கம்போலப் பள்ளியில் நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மதியம் அவருக்குப் போன் அடித்தேன், மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கு. எடுத்தது அவரில்லை. யாரோ ஒரு ஆள், மலாயில், "நீங்கள் இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு, வெளியே போன யாருக்கும் நானாகப் போன் அடிப்பதை விட்டுவிட்டேன். எடுப்பது வேறு யாராவதாக இருந்துவிட்டால்?

மகன் படித்து முடித்துச் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவனும் மோட்டார் சைக்கிளில்தான் போனான். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஜொகூர் பாருவுக்குப் போய், பாலத்தில் ஆயிரமாயிரம் மோட்டார் சைக்கிள்களோடு ஊர்ந்து அந்தப் பக்கம் போக வேண்டும். என் முகத்தைப் பார்த்து அவனே ஒரு வழி சொன்னான். "நீங்க போன் அடிக்க வேணாம்மா. வண்டிய நிறுத்துன உடனே வாட்சப்ல நான் போடுறேன்." அன்று முதல் ஒவ்வொரு வேலை நாளும் ஆறரை மணிவாக்கில் என் புலனத்துக்கு, அதான் அந்த வாட்சப்புக்கு, ஒரே ஒரு சொல் வரும்: சேர்ந்தாச்சு. நான் பதில் எழுத மாட்டேன். பார்ப்பேன், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான் தேநீர் கலக்குவேன். பன்னிரண்டு வருடமாக என் வீட்டில் பொழுது விடிவது அந்தச் சொல்லில்தான்.

டீச்சர் ஓய்வு பெற்ற மறுமாதம் வீட்டுக்கு வந்து, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலுமாக நான்கு நாடு சுற்றப் போவதாகவும், துணைக்கு நான் வர வேண்டும் என்றும் சொன்னார். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "பசார் மாலாம் சந்தை வரைக்கும் நடந்தாலே முட்டி வலிக்குதும்பீங்க. நீங்க பேக் மாட்டிக்கிட்டு லாவோஸ் போறீங்களா?" அவர்கள் இருவரும் போன பிறகுதான் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. அது எப்படி வந்து சேரும்? மறுநாள் வெட்கத்தை விட்டு டீச்சரிடம் கேட்டேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. உட்கார்ந்து விளக்கினார். நம் ஊர் சிம்மை அங்கேயும் ஓட்டினால் கட்டணம் ஏறிவிடும். ஒவ்வொரு நாட்டிலும் எல்லையைத் தாண்டியதும் அந்த ஊர் சிம் ஒன்று வாங்குவோம். அதுவும் விமான நிலையம் மாதிரி இடத்தில் இல்லை, ஊருக்குள் சந்தைப் பக்கம் உள்ள கடையில். ஒரு வாரத்து டேட்டா, இரண்டு பேர் நாசி லெமாக் சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும். ஒரே சிம், அது உங்கள் போனில் இருக்கட்டும், அதிலிருந்து எனக்கும் கொஞ்சம் ஹாட்ஸ்பாட் விடுங்கள், படம் பார்ப்பதெல்லாம் தங்கும் விடுதியின் வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம். சிம் மாறினாலும் புலனம் பழைய எண்ணிலேயே ஓடும். "உங்க பையன் சொல்லு உங்களத் தேடி வரும்கா. கவலப்படாதீங்க."

தாய்லாந்தில் அப்படித்தான் நடந்தது. ஹட்யாயில் இறங்கிய அன்றே சிம் வாங்கினோம். தட்டைத் திறக்கும் ஊசியை டீச்சர் முதல் நாளே தொலைத்துவிட்டார். என் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் முனையால் குத்தி, நம் ஊர் சிம்மை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். எங்கே வைப்பது? பைக்குள் சாமிப் படத்தோடு இந்தச் சிமிழும் இருந்தது. அதற்குள் போட்டு மூடினேன். மறுநாள் அங்கே நேரம் ஐந்தரை. நம் ஊரில் ஆறரை. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வந்தது. சேர்ந்தாச்சு. ஐந்நூறு மைல் தாண்டியும் அதே சொல், அதே நேரத்தில். பாங்காக்கிலும் வந்தது. ரயிலில் போகும்போதும் வந்தது. கால் வலி, புரியாத பாஷை, இனிக்கும் குழம்பு, எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதே மாதிரி உலகம் முழுக்கப் போகலாம் போலிருந்தது.

பிசகு வியந்தியானில் நடந்தது. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. கடைக்காரப் பெண்ணிடம் என்னை உட்கார வைத்துவிட்டு டீச்சர் பஸ் டிக்கெட் வாங்கப் போய்விட்டார். அந்தப் பெண் சிம்மை மாற்றிவிட்டு, என் போனைத் திறந்து, திரையைக் காட்டி, ஆங்கிலத்தில் என்னவோ கேட்டாள். சிரித்த முகம். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "எஸ், எஸ்" என்று தலையை ஆட்டினேன். அவள் என்னவோ தட்டினாள். மறுபடி கேட்டாள். மறுபடி ஆட்டினேன். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்தாள். புலனத்தில் என் பழைய எண்ணை எடுத்துவிட்டு இந்தப் புது எண்ணைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நான் பள்ளிக்கூடக் கண்ணாடிக்குச் சொன்னது போலவே இதற்கும் ஆமாங்க சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஐந்தரைக்குச் சொல் வரவில்லை. ஆறு. ஏழு. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வாங் வியெங் போகும் பஸ்ஸில் மலையும் ஆறும் மாறி மாறி வந்தன. டீச்சர் குழந்தை மாதிரி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் மடியில் இருந்த திரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. லீவு போட்டிருப்பான், மழையாக இருக்கும், மறந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் மறக்காதவன். போன் அடித்துக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போகும். அந்த மலாய்க் குரல் காதில் கேட்கும். விரல் திரும்பிவிடும். டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். டீச்சரின் எண்ணை மகனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாலாவது அவன் அதில் கூப்பிட்டிருப்பான். அவரைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது என்று கொடுக்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்கவும் இல்லை.

இரண்டாம் நாள் காலையும் வரவில்லை. விடுதி வாசலில் ஒரு பெஞ்சு. எதிரே ஆறு, அதன் பின்னால் மலை. டீச்சர் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. நேற்றும் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.

"என்னக்கா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் டீச்சர்."

"உங்க மூஞ்சிய நான் இருபது வருஷமா பார்க்கிறேன். சொல்றீங்களா, இல்ல இப்பவே பையக் கட்டி ஊருக்குத் திரும்பலாமா?"

அப்போதுதான் உடைந்தேன். சொல்லச் சொல்ல டீச்சரின் முகம் மாறியது. போனை வாங்கி என்னென்னவோ திறந்து பார்த்தார். "அலமாக்! நம்பரையே மாத்தி வச்சிருக்கு. யாருக்கா இதச் செஞ்சா?" கடையில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணை மூடித் திறந்தார். "சரி. அவன் தெனமும் அனுப்பிக்கிட்டுத்தான் இருப்பான். பழைய நம்பருக்குப் போகுது, அவ்வளவுதான். இப்ப நீங்களே அவனுக்கு அடிங்க."

"நீங்க அடிங்க டீச்சர்."

"மாட்டேன். நீங்கதான் அடிக்கணும்."

ஏன் முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்த மதியம் என் கையிலிருந்து கீழே விழுந்த போனை எடுத்துப் பேசியவரே அவர்தான். அதனால்தான் மாட்டேன் என்றார் என்று இப்போது நினைக்கிறேன். அழுத்தினேன். மணி போனது. மூன்று தடவை அடித்துக் கட் ஆனது. மறுபடி அழுத்தினேன். ஒரே மணியில் கட் ஆனது. எனக்கு உலகமே இருண்டது. டீச்சர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அக்கா! கட் பண்றான்னா உயிரோட இருக்கான்னு அர்த்தம்கா! லாவோஸ் நம்பரப் பார்த்துட்டு ஏமாத்துக்காரன்னு நெனச்சிருப்பான். குரல்ல பேசி அனுப்புங்க!"

அழுகையோடு சிரிப்பும் வந்தது. மைக்கை அழுத்திப் பிடித்து, "தம்பி, அம்மாடா," என்றேன். அனுப்பி முடிப்பதற்குள் போன் அலறியது.

"அம்மா! எங்கம்மா போனீங்க? ரெண்டு நாளா ஒரே டிக்கும்மா! டீச்சர் வீடு பூட்டிக் கெடக்கு, ஸ்கூலும் லீவு, யார்கிட்ட போய் நம்பர் கேக்குறது?"

"நீ வேலைக்குப் போலியாடா?"

"எப்படிப் போறது? நேத்து சும்மா லைன் கெடைக்கலன்னு நெனச்சேன். இன்னிக்கி வண்டிய எடுக்கவே கை வரல. ஹெல்மெட்ட மடியில வச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கேன்." பிறகு மெதுவாகச் சொன்னான். "தெனமும் சேர்ந்தாச்சுன்னு போட்டுட்டு, நீங்க பார்த்துட்டீங்கன்னு அந்த ரெண்டு நீலக் கோடு வர்ற வரைக்கும் நான் ஹெல்மெட்ட கழட்ட மாட்டேம்மா. அப்புறந்தான் உள்ள போவேன்."

பன்னிரண்டு வருடம். காத்திருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தன் ஆறரை மணிக்கு, தலையில் ஹெல்மெட்டோடு, எனக்காகக் காத்திருந்திருக்கிறான்.

ஆறிப்போன முட்டையை ஒரு வாய் விடாமல் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் எதிரே அவ்வளவு பெரிய மலை இருப்பதையே பார்த்தேன். டீச்சர் காலித் தட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, சும்மா சொல்வது போல, "எனக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லக்கா. எங்க போய் எறங்கினாலும் எறங்கி நடக்க வேண்டியதுதான், யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல," என்றார். எனக்குப் பதில் தொண்டை வரை வந்தது. வாய் திறக்கவில்லை.

மீதி இரண்டு நாட்டிலும் சிம் கடைக்கு நான்தான் முன்னால் போனேன். டீச்சர் எனக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் "எண்ணை மாற்ற வேண்டாம்" என்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஹனோயில் அதை நீட்டி, தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டி, "நோ" என்றேன். அறுபத்தைந்து வயதில் அந்நியர் ஒருவரிடம் நான் சொன்ன முதல் "நோ" அதுதான். கடைக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே நின்ற டீச்சர் கைதட்டினார். ஊர் திரும்பும் வரை என் புலனம் அந்த லாவோஸ் எண்ணிலேயே ஓடியது. சொல்லும் தவறாமல் வந்தது. நானும் இப்போது சும்மா இருப்பதில்லை. "பார்த்துட்டேன், கழட்டு," என்று குரலில் அனுப்பிவிடுவேன்.

ஐந்து வாரம் கழித்து ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். மகன் காருக்கு ஏற்பாடு செய்துவிட்டு எங்களுக்காக நின்றிருந்தான். பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாங் வியெங்கில் சொல்ல வந்ததைச் சொன்னேன். "டீச்சர், இனிமே எங்க போனாலும் எனக்குப் போடுங்க. சேர்ந்தாச்சுன்னு." டீச்சர் ஒன்றும் கேலி செய்யவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என் முட்டி இப்போது ஒத்துழைப்பதில்லை. டீச்சர் தனியாகவே போகிறார். இன்று இந்தியாவிலிருந்து பஸ்ஸில் நேப்பாளத்துக்குள் நுழைவதாக நேற்றுச் சொல்லியிருந்தார். இன்று காலை ஆறரைக்கு மகனின் சொல் வந்தது. தேநீர் கலந்தேன். டீச்சருடையது வரவில்லை. பத்து. பன்னிரண்டு. விளக்கடியில் உட்கார்ந்து சிமிழைத் திறந்து, நான்கு கார்டுகளையும் உள்ளங்கையில் கொட்டி வைத்திருந்தேன். பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. பார்த்தறியாத எண். முன்பென்றால் எடுத்து, கேட்டதற்கெல்லாம் ஆமாங்க போட்டிருப்பேன்.

"யாருங்க நீங்க? முதல்ல பேரச் சொல்லுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அடடா, நல்லாக் கேட்டீங்க போங்க! நான்தான்கா. சிம் கடையில கொஞ்சம் லேட்டாயிருச்சு. சேர்ந்தாச்சு."

"பார்த்துக்கிட்டே இருந்தேன் டீச்சர்," என்றேன். "சரி, இனி பையக் கழட்டி வைங்க."

கார்டுகளை ஒவ்வொன்றாகச் சிமிழுக்குள் போட்டு மூடினேன்.