நீளமான நோர்வேச் சொற்களோடு பலெர்மோவில் ஒரு வாரம்

பலெர்மோவுக்குக் கடல் குளிக்கப் போனீர்களா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. நான் போனது என் தம்பி அன்ரனின் வாயை அடைக்க.

தம்பியும் அவன் மனைவி ஜெசிந்தாவும் மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. மச்சாள் நகரின் கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு வயதான சினோராவை, இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கிறாள். இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும், நோர்வேயில் நான் வசிக்கும் பேர்கன் நகருக்கு வந்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேண்டும் என்று நோர்வே மொழியை ஒன்லைனில் படிக்கத் தொடங்கினாள். இந்த ஒக்டோபரில் ஓர் இல்லம் அவளை வீடியோ நேர்முகத்துக்கு அழைத்தது. அன்ரன் தொலைபேசியில் சிரித்தான்.

"அக்கா, உந்தப் பாஷையிலை ஒவ்வொரு சொல்லும் றெயில் மாதிரி நீட்டாக் கிடக்கு. நாற்பத்தாறு வயசிலை இவ அதிலை ஏறி எங்கை போகப்போறா?"

ஏன், வயது போனால் நாக்கு தேய்ந்துவிடுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே இலையுதிர்கால விடுமுறைக்குப் பயணச்சீட்டுப் போட்டேன்.

நேரடி விமானம் கிடைக்கவில்லை, ரோமில் மாறினேன். பலெர்மோ விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். வெளியே ஒரு டாக்சிக்காரர் "சினோரா, ஐம்பது யூரோ, நல்ல விலை!" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டார். போங்கள் ஐயா, ரயில் கீழேயே நிற்கிறது! ஏழு யூரோவுக்குள், ஒரு மணி நேரத்தில் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கிவிட்டேன். தம்பி வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. ஆனால் நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடியிலேயே அன்ரனைத் திட்டத் தொடங்கிவிட்டேன்.

குசினிச் சுவர் முழுக்கக் கடதாசித் துண்டுகள். மச்சாள் நோர்வேச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். சோதனைக்குப் பாடமாக்குகிற மாதிரி, கேள்வி பதில் எல்லாமே மனப்பாடம். ஒரு சொல்லைச் சொல்லும்படி கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: "சீகெயெம்சாவ்டேலிங்!"

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. தமிழில் எழுதும்போது மெய்யும் அடுத்து வரும் உயிரும் ஒட்டி ஒரே எழுத்தாகிவிடும். அது நம் வழக்கம். கை தானாகவே அப்படி எழுதிவிடும். ஆனால் நோர்வேக்காரர் சொற்களைக் கூட்டிக் கட்டும்போது மூட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்தச் சொல்லில் இருப்பவை சீகெ, யெம், ஆவ்டேலிங். நோயாளர், வீடு, பிரிவு. முதியோர் இல்லத்தின் ஒரு பிரிவு என்று பொருள். யெம்முக்குப் பின்னால் வரும் 'ஸ்' வெறும் இணைப்பு. அது முன்துண்டோடு நிற்கவேண்டியது, சீகெ-யெம்ஸ்-ஆவ்டேலிங். மச்சாளோ அதைப் பின்னுக்குத் தள்ளி ஒட்டிவிட்டாள். சாவ்டேலிங் என்றொரு சாமான் அந்த நாட்டில் எங்கேயும் இல்லை.

"எல்லாத்தையும் கழட்டும்," என்றேன். சுவரிலிருந்து அத்தனை துண்டையும் கழற்றினோம்.

நான் வேலை செய்வது பாலர் பள்ளியில். அதற்கு நோர்வேயில் பார்னெ-ஹாகெ என்று பெயர், பிள்ளைகளின் தோட்டம். அங்கே நாலு வயதுக் குஞ்சுகள் நீளச் சொற்களைக் கைதட்டித் துண்டாக்கும். துண்டுக்கு ஒரு தட்டு. பொருளின் தலை கடைசித் துண்டு. முன்னால் நிற்பவை அது எப்படிப்பட்டது என்று சொல்ல வந்தவை. மாட்டுவண்டி என்றால் மாடு இல்லை, வண்டிதானே? அதைச் சொன்னதும் மச்சாளின் முகம் மலர்ந்தது.

"அட, இது எங்கடை ஆக்கள் கதைக்கிற மாதிரியெல்லோ! இவ்வளவு நாளும் நான் இத்தாலியன் மாதிரித் தலையை முன்னுக்குத் தேடினன், மச்சாள்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவர் ஊருக்குப் போனோம். அன்ரன் அங்கே ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. பஸ் சீட்டு ஒன்றரை யூரோவுக்குள்தான். ஏறியதும் சீட்டை மெஷினில் முத்திரை அடிக்க மறக்காதீர்கள். வழி முழுக்க நாங்கள் கைதட்டிச் சொற்களை வெட்டியதில் முன்சீட்டுக் கிழவர் திரும்பி, இது செபமாலையா என்று கேட்டார். "இல்லை, நோர்வே!" என்றாள் மச்சாள் இத்தாலிய மொழியில். கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்ரன் பொரித்த மீனோடு வெளியே வந்தான். மீன் அருமை, அதை மறைக்கமாட்டேன். அவன் வாய்தான் சரியில்லை.

"அங்கை போயும் கடைசியிலை நிலம் துடைக்கிற மொப்தானே பிடிக்கப்போறீர்?"

"பிடிச்சாலும் என்ரை கையாலைதானே பிடிப்பன்? நீர் போய் மீனைப் பொரியும்," என்றாள் ஜெசிந்தா.

செவ்வாய்க்கிழமை நேர்முகம். சினோராவைத் தனியே விடமுடியாது என்பதால் மொண்டெல்லோவில் சினோராவின் குசினியிலேயே மடிக்கணினியை வைத்தோம். நான் கமராவுக்குத் தெரியாமல் எதிரே உட்கார்ந்தேன். திரையில் பேர்கன் இல்லத்தின் தலைமைத் தாதி. பெயர், குடும்பம், அனுபவம் எல்லாம் நன்றாகவே ஓடியது. நடுவில் உள்ளறையிலிருந்து "ஜச்சிந்தா!" என்று சினோராவின் குரல், ஜெசிந்தா அவர் வாயில் அப்படித்தான். மச்சாள் மணிக்கூட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று நோர்வேயில் சொல்லிவிட்டு எழுந்து போயேவிட்டாள்!

திரும்பி வந்து உட்கார்ந்தபோது தாதி தன்மையாகத்தான் சொன்னார்: உங்கள் மொழி இன்னும் கொஞ்சம் வரவேண்டும், துப்புரவு வேலைக்கு இப்போதே இடம் இருக்கிறது, சம்மதமா?

நான் இரண்டு கையையும் ஆட்டி மச்சாளுக்குச் சைகை காட்டினேன். எடும், எடும், முதலில் உள்ளே போனால் போதும்! மச்சாள் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"நெய்," என்றாள். இல்லை. "நான் கேட்டது ப்ளெய்யெ-அசிஸ்டென்ட் வேலை." பராமரிப்பு, உதவியாளர். இரண்டு துண்டும் தனித்தனியாக, தெளிவாக விழுந்தன.

தாதி தங்கள் பிரிவின் அறிவித்தல் ஒன்றைத் திரையில் காட்டி, தலைப்பை விளக்கச் சொன்னார். த்ரிக்சோர்ஃபோரெபிகிங். அது எங்கள் சுவரில் இருந்ததே இல்லை. நான் கடவுளைக் கூப்பிட்டேன். மச்சாள் மேசை விளிம்பில் விரலால் தட்டினாள். த்ரிக், அழுத்தம். சோர், புண். ஃபோரெபிகிங், வராமல் தடுப்பது. சட்டென்று சிரித்தாள். அவள் சொன்ன உடைந்த நோர்வேயைத் தமிழாக்கினால் இப்படி வரும்:

"படுக்கைப்புண். நான் இப்ப எழும்பிப் போனதே அதுக்குத்தான். சினோராவைத் திருப்பிப் படுக்கவைக்கிற நேரம். நீங்கள் காத்திருக்கலாம், அவவின்ரை முதுகு காத்திருக்காது."

தை மாதம் வந்து ஒரு கிழமை பிரிவில் வேலை செய்து காட்டுங்கள், அதன்பிறகு முடிவெடுப்போம் என்றார் தாதி.

பலெர்மோ போகிறவர்கள் ஒக்டோபரில் போங்கள். கடல் இன்னும் சூடாக இருக்கும், மொண்டெல்லோவில் கால் வைக்கவும் இடம் கிடைக்கும். கோடையில் அந்தப் பக்கமே வேண்டாம். நோர்வே மொழி படிப்பவர்கள் தமிழில் எழுதித்தான் படிப்பேன் என்றால் மூட்டில் ஒரு கோடாவது போடுங்கள். கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள். சொல் நீளம் என்று பயம் காட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை ஒருதரமாவது வாசித்துப் பார்த்தவர்கள் இல்லை. என்ன பயம்? நம் சொற்கள் மட்டும் குட்டையா?

அன்று மாலை மொண்டெல்லோ பஸ் தரிப்பில் நான் அன்ரனைத் திட்டிக்கொண்டே நின்றேன். மொப்பாம், மொப்! இப்ப வந்து கதைக்கட்டும் பார்ப்பம்! மச்சாள் என் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"இவரை ஏசாதேங்கோ, மச்சாள். இவர் வாயாலை சொன்னதைத்தான் நேர்முகத்திலை நீங்கள் கையாலை சொன்னியள். நான் கண்டனான்."

நான் அந்த இரண்டு கையாலும் பையைத் துழாவி பஸ் சீட்டைத் தேடினேன்.

"தைக்கு வாறன்," என்றாள். "அறையை ஒழுங்குபடுத்தி வையுங்கோ."