முதல் பட்டதாரி

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்த அந்த ஜூலையில் எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் 'முதல் பட்டதாரி'. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மூன்று ஏக்கர் அளவுள்ள ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்காதிருந்தால், முதலில் படிக்கப்போகும் பிள்ளைக்கு அரசு கட்டணச் சலுகை தரும் என்று இ-சேவை மையத்து அக்கா சொன்னார்.

"அப்ப காலேஜ் மொத்தமும் ஃப்ரீயாக்கா?"

"இல்லம்மா. டியூஷன் ஃபீஸ்ல மட்டும்தான் கழிப்பாங்க. ஹாஸ்டல், பஸ், பரீட்சை ஃபீஸ் எல்லாம் நீங்கதான் கட்டணும்."

அந்தக் கழிவே எங்களுக்குப் பெரிது. சான்றிதழைப் பதிவேற்ற இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. ஓர் உறுதிமொழிப் படிவத்தில் அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். 'எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லை' என்று அதில் இருந்தது. குறுவை நடவு நடந்துகொண்டிருந்ததால் வரப்பிலேயே குந்தி, சேறு படாமல் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா போடவில்லை.

"வேலையா இருக்கேன், வச்சிட்டுப் போ" என்றாள் முதலில். மதியம் கேட்டபோது பேனா எழுதவில்லை என்றாள். சாயங்காலம் படிவம் அரிசிப் பானை மேல் அப்படியே கிடந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஒரு கையெழுத்துதானேம்மா? நாளைக்கு வி.ஏ.ஓ. விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க. நான் படிக்கறது உனக்குப் பிடிக்கலையா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். அறைக்குப் போய் பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே பட்டச் சான்றிதழ். பி.ஏ. வரலாறு. அம்மாவின் பெயர்.

அவள் தபால் வழியில் சேர்ந்ததும், ஒரு தாளில் தவறியதும், அதோடு விட்டுவிட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தெரியாதது அதற்கு அப்புறம் நடந்தது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தபோது, என்னை வயிற்றில் வைத்துக்கொண்டே மன்னார்குடிக்குப் பஸ் ஏறி அந்தத் தாளை எழுதித் தேறியிருக்கிறாள். சான்றிதழ் தாய் வீட்டு முகவரிக்கு வந்திருக்கிறது.

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"பொண்ணு பார்க்க வந்தப்ப, பையனைவிடக் கூடப் படிச்சிருக்கக் கூடாதுன்னாங்க. பத்தாவது முடிச்சவருக்கு டிகிரி முடிக்காதவள்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க. அப்புறம் சொல்லத் தோணலை."

அந்த நேரத்தில் அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. உறையை அவசரமாக மூடினேன். "இது யாருக்கும் தெரியாதுல்ல?" என்று கேட்டேன்.

அம்மா என்னையே பார்த்தாள். நான் விடவில்லை. தபாலில் படித்ததெல்லாம் கணக்கில் வராது என்றேன். ஒரே ஒரு தடவை என்றேன். கடைசியில் கெஞ்சினேன். அவள் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் அதை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனோம். வி.ஏ.ஓ. ஓர் அம்மையார். குடும்ப அட்டை, ஆதார், படிவம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அவர் விரலையே பார்த்தேன்.

"வீட்டுல டிகிரி முடிச்சவங்க யாரும் இல்லையே?"

"இல்லைங்க மேடம்" என்றார் அப்பா உடனே. அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்குத் தெரியாது.

வி.ஏ.ஓ. பேனாவை எடுத்தார். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"நான் முடிச்சிருக்கேங்க."

அப்பா சிரித்தார். "அரியரு மேடம், பாதியில விட்டுட்டா" என்றார். அம்மா துணிப்பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதை அவள் கொண்டுவந்திருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

வி.ஏ.ஓ. படித்துப் பார்த்தார். "தபால்ல வாங்கினாலும் பட்டம் பட்டம்தாம்மா. இந்த மனுவை வாபஸ் வாங்கிக்கங்க. இப்பவே சொன்னீங்க, நல்லதாப் போச்சு. பாதிப் படிப்புல தெரிஞ்சிருந்தா பொண்ணுக்குத்தான் சிக்கல்." பிறகு என்னைப் பார்த்தார். "வருமானச் சான்றிதழ் எடுத்து வை. கல்வி உதவித்தொகைக்கு அதுதான் வேணும். அது வேற, இது வேற."

அப்பா வெளியே போய் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். நானும் அம்மாவும் வாய்க்கால் கரையோடு நடந்தோம். "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று நான் அழுதேன். அவள் என் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாலு நாள் அப்பா யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் எழுந்தார். அதற்குள் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் ஒதுக்கி ஆணை வந்துவிட்டது. குறித்த தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். ஐந்தாம் நாள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "பேங்குக்குப் போகணும், ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றார்.

கடன் அதிகாரி வேகமாகப் பேசினார். மார்ஜின், மாரடோரியம், வட்டி மானியம். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டியதைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் குறுக்கிட்டேன்.

"சார், மாரடோரியம்னா வட்டியும் கிடையாதா?"

"தவணைதான் கிடையாது. படிச்சு முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் கேக்க மாட்டோம். வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். மானியம் தகுதி இருந்தா வரும், வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"மார்ஜின்?"

"மொத்தச் செலவுல உங்க கையிலேருந்து போடுற பங்கு."

படிவத்தில் பெற்றோரின் கல்வித் தகுதிக்கு ஒரு கட்டம் இருந்தது. அம்மா பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினாள். அப்பா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பேப்பர்ல அரியர் வச்சிருந்தே?" என்று கேட்டார்.

"இங்கிலீஷ். ரெண்டாம் தாளு."

"ம். எழுது."

அவள் எழுதினாள். கல்லூரி கேட்ட கடைசி நாளன்று, கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. முதல் ஆண்டு உதவித்தொகை இரண்டாம் ஆண்டுதான் வந்தது. வட்டி மானியம் வரவேயில்லை. அப்பா ஒரு போகம் நெல் விற்ற பணத்தில் என் விடுதிக் கட்டணத்தைக் கட்டினார். இப்போது நான் வேலையில் இருக்கிறேன். தவணை ஓடுகிறது.

அன்றைக்கு நான் கெஞ்சி வாங்கிய கையெழுத்தைப் பற்றி அம்மா அப்பாவிடம் சொல்லவேயில்லை. தானாகவே பொய்யாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அலுவலகத்தில் மனசு மாறினாள் என்றுதான் அவர் இத்தனை வருடம் நினைத்திருந்தார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, மதியச் சாப்பாட்டில் நானே சொன்னேன். நான்தான் மறைக்கச் சொன்னேன் என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்தார்.

"அப்பவே எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் மறைக்கத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

அம்மா எங்கள் இருவர் தட்டிலும் ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.